எந்த ட்ரை

தணிகாசலம் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு வலது காலைக் கார்ப்பெட்டின் மேல் வைத்தார். சில்லென்று இருந்தது. ஈரத்தில் சில்லென்று இருக்கிறதா, ஏசியில் சில்லென்று இருக்கிறதா என்று கால் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டு இடது காலை வைத்தார். அதுவும் அதையேதான் சொன்னது, அதாவது ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி, ஆள் இல்லாத மீட்டிங் ரூம். ஆள் இல்லாத நாளில் ஏசி யாருக்கு ஓடுகிறது என்று கார்ப்பெட் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டதற்கு, மனுஷனுக்கு இல்லை, மிஷினுக்கு என்று வாசல் செக்யூரிட்டி சொன்னார். மிஷின். இங்கே எல்லாமே மிஷின்தான். தூசி இழுப்பதும் மிஷின், தூவிய பவுடரைத் தேய்ப்பதும் மிஷின், தண்ணீரைப் பீய்ச்சி உறிஞ்சுவதும் மிஷின். வினையே அதனால் வந்ததுதான். "மிஷின வச்சு ட்ரை பண்ணுங்க" என்று சூப்பர்வைசர் கிரிதர் சார் போனில் சொன்னார். இல்லை, "மிஷின் வேணாம், ட்ரை பண்ணுங்க" என்று சொன்னார். இரண்டில் ஒன்று. ட்ரை பண்ணுங்க என்று முடித்தது மட்டும் நிச்சயம், ஆனால் அது நிச்சயமாக இருந்து என்ன பயன்? தண்ணீர் படாமல் பவுடரைத் தூவித் தேய்த்து இழுப்பதற்குக் கம்பெனியில் ட்ரை பண்ணுவது என்று பெயர். தண்ணீர் போட்டால் வெட் பண்ணுவது. கம்பெனி பாஷைப்படி சார் சொன்னது தண்ணீரைத் தொடாதே என்பது. ஆனால் கிரிதர் சார் கம்பெனி பாஷை மட்டும் பேசுகிறவரா? காபி மிஷின் நின்றுபோனால் ட்ரை பண்ணுங்க என்பார். லிஃப்ட் கதவு மூடவில்லை என்றால் ட்ரை பண்ணுங்க. லீவு கேட்டால், ட்ரை பண்றேன் தணிகாசலம். முயன்று பார்ப்பதும் ட்ரை, காயவைப்பதும் ட்ரை, தண்ணீர் இல்லாமல் செய்வதும் ட்ரை. இங்கிலீஷ்காரன் வாயில் அது வேறு வேறாக விழும் என்கிறார்கள். விழட்டும். நம் ஆட்கள் வாயில் ஒன்றாகத்தான் விழுகிறது. விழுந்தது ஒன்றா, இல்லை வேறு வேறாக விழுந்து அவர் காதுக்குள் போய் ஒன்றாகிவிட்டதா? அங்கேதான் காலையிலிருந்து திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார்.

கறை என்னவோ சின்னக் கறைதான். வெள்ளிக்கிழமை யாரோ ஒருவருக்கு வழியனுப்பு விழா. கேக் வெட்டி, பாதாம் பால் ஊற்றிக் கொடுத்து, போகிறவரைக் கட்டிப்பிடிக்கும்போது ஒருத்தர் கையிலிருந்த கப் கவிழ்ந்திருக்கிறது. சனிக்கிழமை கதவு மூடியிருந்து, ஞாயிறு காலை திறந்தபோது அறை முழுக்கத் திரிந்த பால் நாற்றம். பவுடர் போட்டார். தேய்த்தார். இழுத்தார். மஞ்சள் போய்விட்டது, வாசனை போகவில்லை, நடுவில் ஒரு பிசுக்கு நின்றது. நாளைக்குக் காலையில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதே மேஜையில் உட்காரப்போகிறார்கள். அதனால்தான் போன் போட்டார். "பவுடர்ல முழுசா போகல சார்." அந்தப் பக்கம் கிரிதர் சார் எங்கோ வெளியில் இருந்தார், குழந்தை அழுதது, ஹாரன் அடித்தது, அல்லது ஹாரன் போல ஏதோ அடித்தது. அதற்கு நடுவில் மிஷின், பிறகு ஒரு குழப்பம், பிறகு ட்ரை பண்ணுங்க, சாயங்காலம் வந்து பாக்குறேன். வலது கையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்ததால் போன் இடது கையில் இருந்தது. இடது கையில் இருந்ததால் இடது காதில், சரியாகக் கேட்காத காதில் இருந்தது. வயரைக் கீழே போட்டுவிட்டுப் போனை மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பக்கத்தில் ஒரு ஈ காக்கா கிடையாது, யாருக்காக மறைக்க வேண்டும்? ஆனால் மறைத்து மறைத்துப் பழகியவனுக்கு ஆள் இல்லாத அறையிலும் கை வரவில்லை. "சார், திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். போன மாதம் இரண்டு மூன்று முறை அப்படிக் கேட்டபோது, "என்ன தணிகாசலம், சிக்னல் இல்லையா?" என்று சிரித்தார். அடுத்த முறை சிக்னல் என்று சொல்ல மாட்டார், வேறு ஏதாவது சொல்வார். அதனால் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். வைத்த கையோடு தண்ணி மிஷினை உருட்டிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று உள்ளே ஒன்று சொல்லத்தான் செய்தது. ஆனால் சார் ட்ரை பண்ணச் சொல்லியிருக்கிறார் என்று இன்னொன்று சொன்னது, அதுவும் உள்ளேயிருந்துதான். உள்ளேயிருந்து வருகிற சத்தத்துக்குக் காது தேவையில்லை என்று பெயர், ஆனால் அதுவும் ஒழுங்காகக் கேட்பதில்லை. பீய்ச்சியபோது நுரை அழகாக வந்தது. உறிஞ்சும்போதுதான் தெரிந்தது, குழாயின் வாயில் ரப்பர் கிழிந்திருக்கிறது. கிழிந்திருந்தால் மிஷின் சீட்டியடிக்கும். அடித்திருக்கும். அவருக்குக் கேட்கவில்லை, கையில் இழுவை குறைந்ததை வைத்துத்தான் புரிந்தது. அதற்குள் ஊற்றியது ஊற்றியாகிவிட்டது.

முன்பு ஹோட்டலில் வேலை பார்த்தவரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கல்யாண ஹாலில் குழம்பு கொட்டும், ஐஸ்கிரீம் கொட்டும், குழந்தைகள் வாந்தி எடுக்கும், வாளி வாளியாக ஊற்றிக் கழுவினாலும் கார்ப்பெட்டுக்குக் கீழே சிமெண்ட் இருந்தது. சிமெண்டுக்கு என்ன, குடித்துவிட்டு சும்மா கிடக்கும். இங்கே கார்ப்பெட்டுக்குக் கீழே தரை இல்லை. தரை என்று நினைத்து இத்தனை பேர் நடக்கிறார்களே, நாற்காலியை உருட்டுகிறார்களே, அது தரையே இல்லை. குட்டை குட்டையாக இரும்புக் கால்கள், அவற்றின் மேல் சதுரம் சதுரமாகப் பலகை, பலகைக்குக் கீழே கட்டுக் கட்டாக வயர், அதற்கும் கீழேதான் உண்மையான தரை. ஃபால்ஸ் ஃப்ளோர் என்பார்கள். பலகை என்றால் தேக்குப் பலகை இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது. மேலே ஒரு வழவழப்பான தாள், அதில் தண்ணீர் நிற்காது, துடைத்தால் துடைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் இடுக்கு இருக்கிறதே, அது வழியாக இறங்கிவிட்டால் ஓரத்திலிருந்து மரத்தூள் குடிக்கத் தொடங்கும். குடிப்பது வெளியே தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ பொரிகிற அப்பளம் மாதிரி ஓரம் எழும்பும். கூட வேலை பார்த்த பரந்தாமனுக்கு அப்படித்தான் ஆயிற்று. நாலாவது மாடியில் தண்ணி மிஷினைப் போட்டுவிட்டு, சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு நாற்காலிச் சக்கரம் ஓடவில்லை, கதவு தரையில் இடித்தது, ஒரு பக்கம் முழுக்கப் பெயர்த்தெடுத்தார்கள், அங்கே வேலை செய்தவர்களை வேறு மாடிக்கு மாற்றினார்கள். பரந்தாமனை யாரும் திட்டவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் வாசல் கேட்டில் அவன் அடையாள அட்டையைக் காட்டினான், பச்சை விளக்கு எரியவில்லை. துடைத்துக் காட்டினான். சட்டையில் தேய்த்துக் காட்டினான். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, எல்லோரும் போன பிறகு மறுபடி காட்டினான். தணிகாசலம் அன்றைக்கு அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். அவர் அட்டைக்குப் பச்சை எரிந்தது, உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? சொல்லியிருந்தாலும் இடது பக்கமாக அல்லவா நின்றான், கேட்டிருக்காது. நாளைக்கும் திங்கட்கிழமைதான்.

இடது காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. பல்வலி மாதிரி வந்திருந்தால் தேதி சொல்லலாம். இது அடுப்படியில் சர்க்கரை குறைகிற மாதிரி குறைந்தது. ஹோட்டல் மிஷின்கள் பழைய மிஷின்கள், லாரி மாதிரி கத்தும், அந்தச் சத்தம் எப்போதும் இடது தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதனால் இருக்கலாம். முதலில் கொசு. ராத்திரி கொசு வலது பக்கம் வந்தால் ரீங்காரத்தோடு வந்தது, இடது பக்கம் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடித்துவிட்டுப் போனது. பிறகு குக்கர் விசில். பிறகு தேங்காய். கொத்தவால் சாவடிக்காரன் மாதிரி தேங்காய் பார்ப்பவர் என்று அவருக்குத் தெருவில் பெயர். நகத்தால் சுண்டி, விரல் முட்டியால் தட்டி, இது முத்தல், இது அழுகல் என்று காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடுவார். அவர் வாங்கி வந்த தேங்காயை உடைத்துவிட்டு அவர் மனைவி தேவகி ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கண்ணு தெரியல, சரி. மூக்குமா இல்ல?" என்றாள். அடுத்த வாரமும் அப்படி. அதற்கடுத்த முறை கடைக்காரனையே பார்த்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்தார், அது நன்றாக இருந்தது, தேவகி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு வீட்டில் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவதை நிறுத்திவிட்டார். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பார். வேலையில் அப்படிச் செய்ய முடியாது. மிஷின் ஓட்டுகிறவனுக்கு மிஷின் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். காது கேட்காதவன் கையில் கம்பெனி மிஷினைக் கொடுக்காது, இந்த வயதில் புதிதாக வேறு எந்தக் கம்பெனியும் கொடுக்காது. துடைப்பம் கொடுப்பார்கள். துடைப்பம் சத்தம் போடாது.

"இன்னாண்ணே, செருப்பு இல்லாம நிக்கிற? இன்னா, கோயிலா இது?" லூர்து மேரி காகிதக் கப்பில் டீயோடு வந்திருந்தாள். பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்கிறவள், காசிமேட்டுக்காரி, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையை முடித்துவிட்டு வேலைக்கு வருவாள். கதவு அவருக்கு இடது பக்கம் இருந்தது. வந்த வழியாகவே கையை நீட்டினால் டீயைக் கொடுத்திருக்கலாம். அவள் அந்தப் பெரிய மேஜையை முழுக்கச் சுற்றி, வயரைத் தாண்டி, மிஷினை இடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துதான் கொடுத்தாள். எப்போதும் இப்படித்தான் செய்கிறாள். "நேரா வரக்கூடாதா? வயர்ல கால் தடுக்கி விழப்போற." "அந்தாண்ட ஏசி காத்து மூஞ்சில அடிக்குதுண்ணே. இன்னா பாத்துனுகீற?" "காய்ஞ்சுதான்னு பாக்குறேன்." "கால் பாத்துச் சொல்லுமா? கால்ல கண்ணாடி மாட்டினுகீறியா?" அவர் சிரித்தார். சிரிப்பு வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் தண்ணி மிஷினைப் பார்த்தாள், அதன் வாயிலிருந்து சொட்டியதைப் பார்த்தாள். பரந்தாமனுக்கும் இவள்தான் டீ கொடுத்தாள். "சீனி பத்துலன்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி அதே சுற்று வழியாகப் போனாள். ஏசி காற்று. அவர் முகத்தைத் திருப்பி அந்தப் பக்கம் காற்று அடிக்கிறதா என்று பார்த்தார். அடிக்கவில்லை போலிருந்தது. அல்லது அடித்தும் அவருக்குத்தான் தெரியவில்லையோ, காதோடு சேர்ந்து தோலும் போய்விட்டதோ. சீ, என்ன நினைப்பு இது. டீயைக் குடித்தார். கப்பைக் கார்ப்பெட்டில் வைக்கப் போய், பதறி எடுத்து மேஜை மேல் வைத்தார்.

காத்திருந்து ஆகப்போவதில்லை. கார்ப்பெட்டும் சதுரம் சதுரமாகத்தான் இருந்தது, பசை லேசானது, ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் வரும். கறை இருந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொன்றாக உரித்து ஜன்னலில் சாய்த்து வைத்தார். கீழே பலகைகள் வெளிறிப்போய், ஒன்றுமே நடக்காத மாதிரி கிடந்தன. துணியால் துடைத்தார், துணியில் ஈரம் வந்தது. மறுபடி துடைத்தார், வரவில்லை. இதோடு முடிந்தது என்று உரித்ததை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மேலே காய்ந்துவிட்டது, சார் சாயங்காலம் வந்து பார்த்தாலும் காய்ந்துதான் இருக்கும், ட்ரை பண்ணியாச்சு. இடுக்கு மட்டும் கறுத்த கோடாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்ததா, குடிக்கவில்லையா? நனைந்த பலகையை இன்றைக்கே தூக்கி நிறுத்தி, காயவைக்கிற ஃபேனைப் போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும், ஊதுவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் தூக்க முடியாது. பலகைதான் இரும்புக் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மொத்தமாக எடுத்தால் கால்கள் ஆட்டம் கண்டு, மேஜை நிற்கிற பலகையும் இறங்கிவிடும். எது நனைந்ததோ அதை மட்டும்தான் எடுக்க வேண்டும். எது நனைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தட்ட வேண்டும். காய்ந்த பலகை டொக் என்னும். நனைந்தது தொப் என்னும். தேங்காய்தான். முட்டி போட்டு உட்கார்ந்தபோதே அவருக்கு அந்த அழுகல் நாற்றம் மூக்கில் வந்தது, தேவகி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது வந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். தொப். அடுத்ததைத் தட்டினார். தொப். மேஜைக்கு அந்தப் பக்கம், தண்ணீரே படாத இடத்தில் போய்த் தட்டினார். அதுவும் தொப். அப்படியானால் இந்த அறை முழுக்க நனைந்திருக்கிறது, அல்லது தலைக்குள் எல்லாமே தொப் ஆகிவிட்டது. குப்புறப் படுத்து வலது காதைப் பலகையோடு வைத்துத் தட்டினார். டொக். அடுத்தது டொக். கறை இருந்த இடத்திலேயே டொக். கன்னத்தில் பலகை சில்லென்று ஒட்டியது. உள்ளேயிருந்து ஒரு ரீங்காரம் வந்தது, கீழே ஓடுகிற ஏசியா, வயரில் ஓடுகிற கரண்ட்டா, தன் ரத்தமேதானா தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து தட்டினால் எல்லாம் தொப், படுத்துத் தட்டினால் எல்லாம் டொக். இந்தக் காதும் போகிறதோ? அது நல்ல காது என்றல்லவா இத்தனை நாள் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டிருந்தார். நல்ல காது என்று யார் சொன்னது? அவரேதான் சொல்லிக்கொண்டார். ஒன்று போனதும் மற்றது நல்லது என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான், சோதித்தா பார்த்தார்? காலையில் வலது காதிலேயே போனை வைத்திருந்தாலும் இதேதானோ? அப்படியானால் சார் நன்றாகத்தான் சொன்னார். டிரை என்று மெத்தென்று சொல்லியிருப்பார், தண்ணீர் வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பார், பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருப்பார், அத்தனையும் வெளியே நின்றுவிட்டு ட்ரை பண்ணுங்க மட்டும் உள்ளே வந்திருக்கிறது, பரந்தாமன் வெளியே நிற்க அவர் மட்டும் உள்ளே வந்த மாதிரி. தட்டினார். தட்டியது கேட்டது, என்ன சொன்னது என்று கேட்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் சதுப்பு நிலம் தண்ணீரோடு பளபளவென்று கிடந்தது, அதன் மேல்தான் இத்தனை கட்டடமும் என்று யாரோ சொன்ன ஞாபகம். எல்லாமே தண்ணீருக்கு மேல் கால் ஊன்றித்தான் நிற்கின்றன போலிருக்கிறது. சார் சாயங்காலம் என்றால் எப்போது வருவார், அவருக்குச் சாயங்காலம் எப்போது தொடங்குகிறது? பேன்ட்ரியில் லூர்து மேரி கப்புகளைக் கழுவிக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிடலாம். கூப்பிட்டு, நீ தட்டிக் கேட்டுச் சொல் என்று சொல்லலாம். ஏன், உனக்கென்ன ஆச்சு என்று கேட்பாள். கேட்காவிட்டால் இன்னும் மோசம், அவளாகவே புரிந்துகொள்வாள். பேன்ட்ரியில் புரிந்தது லிஃப்ட்டில் பேச்சாகும், லிஃப்ட்டில் பேசியது வாசலுக்குப் போகும், வாசலில் அட்டை இருக்கிறது. தலைவலி என்று சொல்லலாம். ஜலதோஷம், காது அடைத்திருக்கிறது. ஜலதோஷம் நல்ல பொய், எல்லோருக்கும் வருவது, போய்விடுவது. ஆனால் இது நாளைக்கும் இருக்குமே. கூப்பிடாமல் விட்டால் பலகை ஊதும், ஊதினால் பரந்தாமன். கூப்பிட்டால் காது தெரியும், தெரிந்தால் துடைப்பம். இரண்டில் எது முதலில் வரும் என்று கணக்குப் போட்டார், கணக்கு பாதியில் நின்று மறுபடி காலையில் போட்ட போனுக்குப் போனது, மிஷின வச்சு, மிஷின் வேணாம், மிஷின வச்சு. பிறகு யாரோ "லூர்தும்மா" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது தான்தான் என்று அவருக்குத் தெரிய ஒரு நொடி ஆனது.

அவள் கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். உரித்துப் போட்ட அறையைப் பார்த்து, "அடி மாதாவே" என்றாள். அவர் ஜலதோஷத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். "எனக்கு சரியா கேக்கல" என்று வந்தது. "இதைத் தட்டுறேன். கேட்டுச் சொல்லு. தேங்கா மாதிரி. முத்தலா, அழுகலா." அவள் ஏன் என்று கேட்கவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு, வயரைத் தாண்டி அவருக்கு வலது பக்கம் வந்து முட்டி போட்டாள். "தட்டு" என்றாள். தட்டினார். "முத்தல்." தட்டினார். "முத்தல். போ." தட்டினார். "இது அழுகல்ண்ணே." அந்தச் சொல் தெளிவாகக் காதில் விழுந்தது, வலது காதில், பக்கத்திலிருந்து. கை ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே நின்றது. இந்தக் கட்டடத்துக்குள் வந்த நாள் முதல் இவள் அவரிடம் பேசிய ஒவ்வொரு தடவையும், லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது, மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, பரந்தாமன் போன அன்று டீ கொடுத்தபோது, இந்தப் பக்கம்தான் நின்றாள். ஏசி காற்று. மாடிப்படியில் ஏது ஏசி? எத்தனை நாளாக என்று கேட்க நினைத்தார். "இன்னாண்ணே நிறுத்திட்ட? தட்டு. உங்க சாரு வந்துருவாரு" என்றாள். தட்டினார். முத்தல், முத்தல், அழுகல், முத்தல். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது. அழுகல் என்று சொன்னவற்றின் மேல் பேன்ட்ரியிலிருந்து எடுத்து வந்த சர்க்கரைப் பொட்டலங்களைப் பலகைக்கு ஒன்றாக வைத்தாள், மாறிப்போகக் கூடாதாம். கண்ணாடி தூக்குகிற ரப்பர் பிடியை அழுத்தி, இரண்டு பேருமாகச் சேர்ந்து அவற்றைத் தூக்கினார்கள். நல்ல கனம். ஒன்றின் அடி ஓரம் கறுத்து மெத்தென்று இருந்தது, அவர் விரலால் அழுத்தினால் அழுந்தியது, அது பிழைக்காது. மற்றவை ஓரத்தில் மட்டும் நிறம் மாறியிருந்தன, உப்பவில்லை. சுவரில் சாய்த்து வைத்து ஃபேனைத் திருப்பினார்கள். கீழே பள்ளத்தில் வயர்கள் காய்ந்து கிடந்தன, தூசியும், எப்போதோ விழுந்த ஒரு பேனா மூடியும். அதற்கும் கீழே சிமெண்ட். உண்மையான தரையை அவர் இந்தக் கட்டடத்தில் இன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார்.

போன் அடித்தது. சட்டைப் பையில் நடுங்கியதை வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. எடுத்த கை பழக்கத்தில் இடது பக்கம் போனது, பாதி வழியில் நின்று, தாடையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தது. "தணிகாசலம், கீழ வந்துட்டேன், லிஃப்ட்டுக்கு நிக்கிறேன்" என்றார் கிரிதர் சார். ஒவ்வொரு எழுத்தும் கல்லில் வெட்டிய மாதிரி விழுந்தது. குழந்தை இல்லை, ஹாரன் இல்லை. நல்ல காது நல்ல காதுதான். "என்ன, ட்ரை பண்ணியாச்சா?" அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ட்ரை. நன்றாகக் கேட்டது, ஒரு துளி சிந்தாமல் கேட்டது, இருந்தும் எது என்று தெரியவில்லை. "என்ன சார்?" "ட்ரை பண்ணியாச்சான்னு கேட்டேன்." மறுபடி அதேதான். போனைப் பொத்திக்கொண்டார். லூர்து மேரி, "இன்னான்றாரு?" என்று கேட்டாள். "ட்ரை பண்ணியாச்சான்னு கேக்குறாரு." அவள் சாய்த்து வைத்த பலகைகளைப் பார்த்தாள், தண்ணி மிஷினைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள். ஊசி விழுந்தால் அடுத்த அறையிலிருந்து கேட்கிற காது அவளுடையது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "எந்த ட்ரைண்ணே?" என்றாள்.

அவருக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை, அதுவும் ஒரே மாதிரிதான் இருந்தது. "சார்" என்றார் போனில். "ரெண்டும் பண்ணியாச்சு சார்." "ரெண்டுமா? எந்த ரெண்டு?" "தண்ணி மிஷின் போட்டுட்டேன் சார். நீங்க சொன்னது எனக்கு ஒரு மாதிரி கேட்டுச்சு. கீழ இறங்கிடுச்சு. நனைஞ்ச பலகைய மட்டும் தூக்கி காய வச்சிருக்கு. ஒண்ணு தேறாது, மாத்தணும். மத்ததெல்லாம் நல்லா இருக்கு, தட்டிப் பாத்தாச்சு." அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பரந்தாமனுக்கு இருந்த அதே சத்தமில்லாமையா, லிஃப்ட்டுக்குள் போய்விட்டதால் சிக்னல் போனதா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "மேல வாங்க சார். திட்டுறதா இருந்தா என் வலது பக்கம் நின்னு திட்டுங்க. இடது காது எனக்குக் கேக்காது." போனை இறக்கினார். சொன்னது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ. ஃபேன் காற்றில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று பறந்து பள்ளத்துக்குள் விழுந்தது. நடைக்கூடத்தில் லிஃப்ட் வந்து நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் லூர்து மேரி கதவுப் பக்கம் திரும்பினாள், பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, பள்ளத்தைப் பார்த்துத் தாண்டி, அத்தனை நாளில் முதல்முறையாக அவருக்கு இடது பக்கம் போய் நின்றாள்.